யூரோப்பா யுனிவர்சாலிஸ் 5: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கணினி விளையாட்டு 2025 நவம்பர் 4-ல் வெளிவந்தது. அதிலிருந்து நான் இதைப் பற்றி வாய் திறந்தாலே அதே பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆளாளுக்குத் தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். நான் இதன் ரசிகன், நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் பிடிக்காததை மறைக்கவில்லை.

இது என்ன மாதிரி விளையாட்டு?

'கிராண்ட் ஸ்ட்ராட்டஜி' என்பார்கள். திரை முழுக்க உலக வரைபடம், அதில் நூற்றுக்கணக்கான நாடுகள். ஏதாவது ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு வரி, வணிகம், சட்டம், கல்யாண உறவு, போர் எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். சதுரங்கம் போல ஆளுக்கு ஒரு நகர்வு கிடையாது. காலம் ஓடிக்கொண்டே இருக்கும், யோசிக்க வேண்டும் என்றால் பாஸ் போட்டு, அதாவது காலத்தை நிறுத்தி, வைத்துக்கொள்ளலாம். 1337 ஏப்ரல் 1-ல் தொடங்கி கிட்டத்தட்ட 500 ஆண்டுகள் ஓடும். இதைச் செய்தால் ஜெயித்தாய் என்று எதுவும் இல்லை. எதை வெற்றி என்று வைத்துக்கொள்வது என்பதும் உங்கள் பாடு.

வெளியிட்டது ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம். உருவாக்கியது பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் சிட்ஜஸ் என்ற ஊரில் இருக்கும் அதன் டின்டோ ஸ்டூடியோ. தலைமை வகித்த யோஹான் ஆண்டர்சன், 2000-ல் வந்த முதல் பாகத்திலிருந்தே இந்த வரிசையில் இருப்பவர்.

இதற்கு ஏன் இத்தனை பாராட்டு?

ஒரே வார்த்தையில் சொல்வதானால், ஆட்கள்.

நான்காம் பாகத்தில் ஓர் ஊர் என்பது மூன்று எண்கள். ஊரை வளர்க்க வேண்டுமா, நிர்வாகப் புள்ளியோ ராஜதந்திரப் புள்ளியோ படைப் புள்ளியோ கொடுத்து ஒரு பட்டனை அழுத்தினால் போதும், அந்த நொடியே ஊர் வளர்ந்துவிடும். அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வரும்? அரசர் புத்திசாலியாகப் பிறந்திருந்தால் நிறைய வரும், மந்தமாகப் பிறந்திருந்தால் ஒரு தலைமுறைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆட்டக்காரர்கள் இதை 'மானா' என்று கிண்டல் செய்வார்கள், மந்திரவாதிக் கதைகளில் வரும் மந்திர சக்தி போல.

ஐந்தாம் பாகத்தில் அது அடியோடு போய்விட்டது. வரைபடம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு இடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவை ஒவ்வொன்றிலும் குடியானவர்கள், தொழிலாளர்கள், நகர வணிகர்கள், குருமார்கள், பிரபுக்கள் என்று மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மதம் உண்டு, பண்பாடு உண்டு, பசி உண்டு. நெசவுப் பட்டறை கட்டினால் அதில் வேலை செய்ய ஆள் வேண்டும். வந்த ஆள் வயலை விட்டு வந்தவன், அவன் விட்டு வந்த வயலில் விளைச்சல் குறையும். பட்டறைக்கு நூல் வேண்டும், அது சந்தையில் விலை ஏறியிருக்கும். ஒரு கட்டடத்துக்குப் பின்னால் இப்படி நாலு கணக்கு ஓடுகிறது.

இந்த எண்ணம் திடீரென்று வந்ததல்ல. இதே நிறுவனம் 2019-ல் வெளியிட்ட 'இம்பரேட்டர்: ரோம்' விளையாட்டிலும் மக்கள் இருந்தார்கள், ஆனால் கூடவே மானாவும் இருந்தது. ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். பின்னால் அதை எவ்வளவோ திருத்தினார்கள், ஆனாலும் 2021-ல் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. அங்கே பட்ட அடிதான் இங்கே பாடமாகியிருக்கிறது என்பது என் கணிப்பு.

இன்னொரு காரணம், இது திறந்த கதவுக்குள் உருவானது. 2024 பிப்ரவரியிலிருந்தே, விளையாட்டின் பெயரைக்கூடச் சொல்லாமல் 'ப்ராஜெக்ட் சீசர்' என்ற மறைபெயரில், வாரா வாரம் ஒவ்வோர் அம்சத்தையும் விளக்கி எழுதினார்கள். வரைபடங்களையும் முன்கூட்டியே காட்டினார்கள். இந்த மலை இங்கே இல்லை, அந்த ஊரில் அந்தக் காலத்தில் இந்த மொழி பேசவில்லை என்று ஆட்டக்காரர்கள் புத்தகமும் கையுமாக வந்து சொல்ல, பல பகுதிகள் திருத்தப்பட்டன. தன் ஊரைத் தானே சரிபார்த்தவனுக்கு அந்த விளையாட்டின் மேல் ஒரு பாத்தியதை வந்துவிடும் இல்லையா?

'கண்ட்ரோல்' என்று எல்லாரும் சிலாகிக்கிறார்களே, அதில் அப்படி என்ன?

எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் ஓர் இடத்தைப் பிடித்து உங்கள் நிறத்தைப் பூசிவிட்டால் அது உங்களுடையது. சில ஆண்டு பொறுத்தால் வரி ஒழுங்காக வந்துவிடும். இப்போது நிறம் பூசுவது தொடக்கம் மட்டும்தான். தலைநகரிலிருந்து தள்ளிப் போகப் போக அரசின் பிடி தளரும், அந்தப் பிடிதான் கண்ட்ரோல். பிடி தளர்ந்த ஊரில் எவ்வளவு விளைந்தாலும் கருவூலத்துக்கு வந்து சேர்வது அதில் ஒரு சிறு பங்கு. படைக்கு வரும் ஆளும் அப்படித்தான். தூரம் என்பது அளவுகோல் வைத்து அளக்கும் தூரம் அல்ல. மலையும் காடும் தூரத்தைக் கூட்டும், ஆறும் கடலோரமும் சாலையும் குறைக்கும்.

என் முதல் ஆட்டம் போர்ச்சுகல். தலைநகர் லிஸ்பன். கண்ட்ரோல் வரைபடத்தைத் திறந்தால் கடற்கரை ஓரமாகப் பச்சை நீண்டு போகிறது. வடகிழக்கு மூலையில், மலைகளுக்கு நடுவில் பிரகான்சா. அது என் ஊர்தான், என் கொடிதான் பறக்கிறது, ஆனால் அங்கிருந்து எனக்கு வருவது ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. எரிச்சல். பக்கத்து நாட்டோடு சண்டை போட்டு இன்னும் இரண்டு ஊர் பிடிக்க வைத்திருந்த காசை எடுத்து லிஸ்பனிலிருந்து வடக்கே சாலை போட்டேன். ஓர் ஊர் தாண்டி இன்னோர் ஊர், துண்டு துண்டாக. சாலை போய்ச் சேரச் சேர வழியில் இருந்த ஊர்களின் நிறம் மெல்ல மாறியது. ஒரு துளி ரத்தம் சிந்தாமல் என் நாடு பெரிதானது போல இருந்தது. போர்த் திட்டங்களுக்காக நான் இரவு கண் விழித்ததுண்டு. சாலைக்காக விழித்தது அதுதான் முதல் முறை.

இதைப் புரிந்துகொண்ட பிறகு பழைய சரித்திரமே வேறு மாதிரித் தெரிகிறது. முகமது பின் துக்ளக் 1327-ல் தலைநகரை டெல்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றியதைப் பைத்தியக்காரத்தனம் என்றுதான் படித்திருக்கிறோம், 'துக்ளக் தர்பார்' என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். டெல்லியை எடுத்து ஒரு பத்து நிமிடம் தக்காணத்தின் கண்ட்ரோலைப் பாருங்கள். மனுஷன் ஏன் அப்படிச் செய்தார் என்று உடனே புரிந்துவிடும். செய்த விதம் வேறு விஷயம்.

'எஸ்டேட்' என்றால் என்ன?

தேயிலைத் தோட்டம் இல்லை. பிரபுக்கள், குருமார்கள், நகர வணிகர்கள், சாமானியர்கள் என்று நாட்டுக்குள் இருக்கும் அதிகாரத் தரப்புகளைத்தான் இப்படி அழைக்கிறார்கள். ஒவ்வொரு தரப்பும் சலுகை கேட்கும், கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கினால் முறைக்கும். அரசர் என்பவர் இந்தத் தரப்புகளில் இன்னொருவர், அவ்வளவே. ஆட்டத் தொடக்கத்தில் பெரும்பாலான நாடுகளில் அரசரைவிடப் பிரபுக்கள் கை ஓங்கியிருக்கும். நாடாளுமன்றத்தைக் கூட்டி, ஒரு தரப்புக்கு வேண்டியதைச் செய்து கொடுத்து, பதிலுக்குக் கொஞ்சம் வரி ஏற்றிக்கொள்வது நடைமுறை. வெளிநாட்டுப் பகைவனைவிட உள்ளூர்ப் பிரபு அதிகத் தொல்லை தருவான் என்பது சீக்கிரம் பழகிவிடும்.

1337-ல் ஏன் தொடங்குகிறது? 1444 நன்றாகத்தானே இருந்தது?

நான்காம் பாகம் தொடங்கியது 1444 நவம்பர் 11, அதாவது உதுமானியர்கள் ஐரோப்பியக் கூட்டுப்படையைத் தோற்கடித்த வார்னா போர் முடிந்த மறுநாள். அந்தத் தேதியில் பாதி உலகத்தின் தலையெழுத்து ஏற்கெனவே எழுதி முடிந்துவிட்டது. உதுமானியர்கள் பெரிய வல்லரசு, பைசாந்தியம் என்ற கிழக்கு ரோமப் பேரரசு ஏறக்குறைய ஒரு நகரமாகச் சுருங்கிவிட்டது, சீனாவில் மிங் வம்சம் அசைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறது.

1337-ல் எதுவுமே முடிவாகவில்லை. உதுமானியர் அனத்தோலியாவில் இருந்த பல சிற்றரசுகளில் ஒன்று, ஓர்ஹான் ஆள்கிறார். சீனாவில் மங்கோலியரின் யுவான் ஆட்சி ஆட்டம் கண்டுகொண்டிருக்கிறது. அதைக் கவிழ்த்து 1368-ல் மிங் வம்சத்தைத் தொடங்கப் போகிற சூ யுவான்சாங் அப்போது ஓர் ஏழைக் குடியானவரின் மகன், வயது எட்டு. பாரசீகத்தில் இல்கானேட் என்ற மங்கோலிய அரசு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் சிதறியது. அந்த வெற்றிடத்தில் பின்னாளில் புயலாக நுழையப்போகும் தைமூர் இன்னும் தொட்டிலில். ஜப்பானில் வட அவை, தென் அவை என்று இரண்டு பேரரசர்கள். இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டிடமிருந்து தென்மேற்குப் பிரான்சில் உள்ள அக்கிட்டேனைப் பறிப்பதாகப் பிரான்சின் ஆறாம் பிலிப் அறிவிக்க இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. நூறாண்டுப் போர் அங்கேதான் தொடங்கும்.

அதனால்தான் ஒவ்வொரு ஆட்டமும் வேறு வேறு உலகமாகிறது. என் ஓர் ஆட்டத்தில் உதுமானியர்கள் தலையெடுக்கவே இல்லை. அடுத்த ஆட்டத்தில் சொல்லிவைத்தாற்போல வந்து கான்ஸ்டாண்டிநோபிளில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தென்னிந்தியாவில் அந்த நேரம் என்ன நிலைமை?

ஆடுவதற்கு அருமையான நேரம். டெல்லி சுல்தானகம் தெற்கே நீட்டிய கை நழுவத் தொடங்கிவிட்டது. மதுரையில் சுல்தானகம் தனியாகப் பிரிந்து இரண்டு மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. விஜயநகரம் 1336-ல் பிறந்த கைக்குழந்தை. ஹொய்சளரின் மூன்றாம் வல்லாளர் வயதான காலத்திலும் எல்லாருக்கும் ஈடுகொடுத்து நிற்கிறார். விஜயநகரத்தை எடுத்துக் குமார கம்பணரின் மதுரைப் படையெடுப்பை நீங்களே நடத்தலாம், அல்லது மதுரையை எடுத்து அதைத் தடுத்துப் பார்க்கலாம். இரண்டாவது ரொம்பக் கஷ்டம், அதனாலேயே சுவாரசியம்.

கொள்ளைநோய் வந்து என் நாட்டில் பாதிப் பேர் போய்விட்டார்கள். ஆட்டம் போச்சா?

போகவில்லை. பிளேக் எல்லாருக்கும் வரும். 1340களின் பின்பாதியில் வணிகப் பாதைகள் வழியாக ஊர் ஊராகப் பரவுவது வரைபடத்தில் தெரியும். முதல் முறை அதைப் பார்த்தபோது நான் பாஸ் போட்டுவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். பத்து ஆண்டுகள் பார்த்துப் பார்த்துக் கட்டிய பட்டறைகள் அப்படியே நிற்கின்றன, உள்ளே வேலைக்கு ஆள் இல்லை. லிஸ்பனின் மக்கள்தொகை மாதாமாதம் இறங்குகிறது, நான் அழுத்துவதற்கு ஒரு பட்டனும் இல்லை.

உண்மையில் ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் இறந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. ஆள் பஞ்சத்தால் கூலி ஏறிவிடக் கூடாதென்று இங்கிலாந்தில் 1351-ல் சட்டமே போட்டார்கள். அதை ஒரு வரியில் படித்துக் கடந்துவிடுவோம். ஆளில்லாத பட்டறையை முன்னால் வைத்துக்கொண்டு அப்படிக் கடக்க முடிவதில்லை.

நடைமுறை யோசனை: பிளேக் வருவதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளில் பெரிய கட்டடம் எதையும் தொடங்காதீர்கள், கடன் வாங்காதீர்கள். கையில் காசு வைத்திருங்கள். அடுத்த வீட்டுக்காரனுக்கும் அதே அடிதான் விழுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

போர் எப்படி இருக்கிறது?

ஆரம்ப நூற்றாண்டில் நிரந்தரப் படை என்பது பெயரளவுக்குத்தான். போர் வந்தால் குடிமக்களிலிருந்து ஆள் திரட்ட வேண்டும். செத்தால் செத்தவன் உங்கள் உழவன். என் இரண்டாவது ஆட்டத்தில் ஒரு போரில் ஜெயித்து ஓர் ஊரும் வாங்கினேன். ஆனால் இரண்டு பெரிய சண்டைகளில் போனவர்கள் எல்லாம் நான் உணவுக்கு நம்பியிருந்த மாகாணத்துக்காரர்கள். அடுத்த குளிர்காலத்தில் அங்கே தானியக் கையிருப்பு கரைந்தது. அந்த ஊரை வாங்கியதற்குச் சும்மா இருந்திருக்கலாம். இப்போதெல்லாம் போருக்கு முன்னால் இரண்டு தடவை யோசிக்கிறேன். போனால் சீக்கிரம் முடித்து ஆட்களை ஊருக்கு அனுப்பிவிடுகிறேன்.

வணிகம் சுத்தமாகப் புரியவில்லை. என்ன செய்வது?

கணினியிடம் விட்டுவிடுங்கள், சீரியஸாகத்தான் சொல்கிறேன். வணிகம் உட்படப் பல வேலைகளைத் தானியங்கியாக விடும் வசதி இருக்கிறது. நான் முதல் நாற்பது மணி நேரம் வணிகப் பக்கம் தலையே வைத்துப் படுக்கவில்லை. அப்புறம் ஒருநாள் இரும்பு ஏன் இவ்வளவு விலை என்று பார்க்கப் போய், அதிலேயே ஒரு மாலை போய்விட்டது. தானியங்கி ஓட்டினால் மட்டம் என்று சொல்பவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள்.

புதிதாக வருபவர் எந்த நாட்டை எடுக்கலாம்?

போர்ச்சுகல். நிலவழியில் பக்கத்து வீடு, இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்டீல் ஒன்றுதான், அவர்களோடு நல்லபடியாக இருந்துவிட்டால் நிம்மதி. மீதி எல்லாம் கடல். சின்ன நாடு என்பதால் ஒவ்வோர் ஊரையும் பெயர் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். பிரான்ஸ் வேண்டவே வேண்டாம். பெரிய நாடு என்றால் சுலபம் என்று தோன்றும், ஆனால் உள்ளே பார்க்க வேண்டிய ஆட்களும் சிற்றரசுகளும் நூறு. பைசாந்தியத்தின் மேல் எல்லாருக்கும் ஒரு கண் இருக்கும், எனக்கும்தான். பத்து முறை தோற்றுப் பழகியபின் அதற்குப் போங்கள்.

முந்தைய பாகங்களை ஆடியிருக்க வேண்டுமா?

வேண்டாம். சொல்லப்போனால் நான்காம் பாகத்தில் ஊறியவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள், கை பழைய பட்டனைத் தேடுகிறது. 2001-ல் வந்த இரண்டாம் பாகத்தை ஆடிய பழம்பெருசுகளுக்கு வேறொரு சந்தோஷம். அதிகாரக் குவிப்பா பரவலா, நிலமா கடலா என்று இழுத்து வைக்கும் அந்தப் பழைய அளவுகோல்கள் புது உருவில் திரும்பி வந்திருக்கின்றன.

குறையே இல்லையா?

நிறைய. ஒரு சொல்லின் மேல் சுட்டியை வைத்தால் விளக்கப் பெட்டி திறக்கும், அதில் உள்ள சொல்லுக்கு இன்னொரு பெட்டி, அதற்குள் இன்னொன்று. நாலாவது பெட்டியில் எதைத் தேடி வந்தோம் என்பதே மறந்துவிடுகிறது. எதிராளி நாடுகளின் மூளை சில நேரம் கூர்மை, சில நேரம் தூக்கம். ஆட்டத்தின் பிற்பகுதியில் உலகம் முழுக்க மக்கள் பெருகியபின் வேகம் குறைகிறது. வெளிவந்த முதல் வாரங்களில் பேட்ச் எனும் திருத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. ஒரு வாரம் சரியாக இருந்த சமநிலை அடுத்த வாரம் தலைகீழாகும், பாதி ஆட்டத்தில் இருப்பவனுக்கு அது கடுப்புதான். எல்லாம் சரியாகட்டும் என்று ஓர் ஆண்டு காத்திருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

தமிழில் ஆடலாமா?

முடியாது, தமிழ் இடைமுகம் இல்லை. படிக்க வேண்டியது ஏராளம், அதனால் ஆங்கிலம் போன்று அதில் உள்ள மொழி ஏதாவது ஒன்றில் சரளம் வேண்டும்.

ஓர் ஆட்டம் முடிக்க எவ்வளவு நேரமாகும்?

எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல! இதுவரை ஐந்து ஆட்டம் தொடங்கியிருக்கிறேன், ஒன்றும் 1600-ஐத் தாண்டவில்லை. நடுவில் எப்படியும் இன்னொரு நாடு கண்ணில் பட்டுவிடுகிறது.

அடுத்து எந்த நாடு?

நாடே இல்லை, வங்கி. ஃபுளோரன்சின் பெருஸ்ஸி குடும்பத்து வங்கியையும் எடுத்து ஆடலாம். சொந்தமாக நிலம் கிடையாது, ஊர் ஊராகக் கிளைகள் மட்டும். நிஜ வரலாற்றில் மூன்றாம் எட்வர்டின் போருக்குக் கடன் கொடுத்தவர்கள் இவர்கள், 1343-ல் நொடித்துப்போனார்கள். நான் அவருக்கு ஒரு காசுகூடக் கொடுப்பதாக இல்லை.